கைலியும் கணக்கும்

வறுமையைப் பாடிய புலவர் நம் மொழியில் பலர். வறுமையை அளக்க முற்பட்டவர் எவர் என்று வினவினால் நாம் சற்றே தயங்குவோம். பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச் செல்லும் பொருநனின் இடையில் இருந்த ஆடை எத்தகையது என்பதை முடத்தாமக் கண்ணியார் சிறிதும் ஒளிக்காமல் கூறுகிறார். பேனும் ஈரும் குடியேறிய துணி அது, வியர்வையில் ஊறியது, வேறு நூலால் தைத்துத் தைத்து இழை மாறிப்போனது. வகுப்பறையில் அப்பகுதியை நடத்தும் நாம், வள்ளலின் கொடைச் சிறப்பை உயர்த்திக் காட்டப் புலவர் கையாண்ட உத்தி என்று விளக்கிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். ஆயினும் ஒரு மனிதன் எவ்வளவு வறியவன் என்பதற்குப் புலவர் அங்கே ஒரு சான்று தருகிறார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் கையில் எத்தனைக் காசு இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அவன் உடுத்தியிருந்ததைச் சொல்கிறார்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்குப் பின்னர் நம் நாட்டுப் பொருளியல் அறிஞர் ஒருவர் அதே சான்றை எடுத்து ஒரு கணக்காக ஆக்கினார். அவர் அரசப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ். ஜொகூர் அரச குடும்ப உறவினர். 1922-இல் இலண்டனில் பிறந்தவர். சிங்கப்பூரில் இராஃபிள்ஸ் கல்லூரியில் பயின்றவர். தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 2020 டிசம்பரில் மறைந்தார். அவருடைய வரலாற்றை எழுதுவது என் நோக்கமன்று. வறுமையைக் குறைக்கும் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பொருளியலாளர் எதைக் கண்டார், எதை எண்ணினார், எது அவ்வெண்ணிக்கைக்கு வெளியே நின்றது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இலக்கிய ஆசிரியனுக்குப் பொருளியலில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். வறுமையைப் பற்றிய எழுத்து எதுவாயினும் அது நம் திறனாய்வுக்கு உரியதே என்பது என் கருத்து.

அவருடைய கணக்கு மிக எளியது. ஒரு வீட்டில் உள்ள கைலிகளை எண்ணுக. அவ்வீட்டில் ஒரு வயது கடந்தோர் எத்தனை பேர் என்று எண்ணுக. முன்னதைப் பின்னதால் வகுக்க. ஈவு ஒன்றுக்குக் குறைந்தால் அக்குடும்பம் கொடிய வறுமையில் இருக்கிறது. ஆறு பேர் உள்ள வீட்டில் நான்கு கைலிகளே இருந்தால், எந்த நேரத்திலும் இருவருக்குக் கைலி இல்லை. மலாய் மொழியில் இதனைச் சாரோங்குக் குறியீடு என்றனர். ‘கைலிக் கணக்கு’ என்று நாம் வழங்கலாம்.

இதனை முதன்முதலில் மாணவர்க்குச் சொன்னபோது வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் ஒரு காலத்தில் சிரித்தவனே. அமர்ந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் இக்கணக்கின் அறிவுக்கூர்மை விளங்கிற்று. கம்பத்து வீட்டில் கைலி ஓர் ஆடை மட்டும் அன்று. குளிக்கக் கட்டுவது அது. இரவில் போர்த்துவது அது. தொழுகைக்கு உடுத்துவது அது. உத்தரத்தில் கட்டினால் குழந்தைக்குத் தொட்டில். தோளில் முடிந்தால் சுமை தாங்கும் தூளி. ஆணும் பெண்ணும் முதியோரும் சிறுவரும் வேறுபாடின்றிப் பயன்படுத்தும் பொருள் அந்த வீட்டில் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. அது தலைக்கு ஒன்றுகூட இல்லையென்றால், ஒருவர் உடுத்திக்கொண்டு வெளியே போகும்போது மற்றொருவர் உள்ளே காத்திருக்க வேண்டும். பள்ளிக்குப் பிள்ளை வரவில்லை என்றால் அதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

வருமானத்தைக் கேட்டு அறியலாமே என்று தோன்றும். சம்பளச் சீட்டு வாங்குவோர்க்கு அது பொருந்தும். நெல் விளைவிப்போனும் மீன் பிடிப்போனும் மாதந்தோறும் ஒரே தொகை காண்பதில்லை. அறுவடையில் ஒரு தொகை வரும். அதில் பாதி கடைக்காரரின் பற்றுக்குப் போகும். பருவக் காற்று வீசும் மாதங்களில் கடலுக்கே போக முடியாது. இத்தகையோரிடம் ‘உம்முடைய மாத வருமானம் என்ன?’ என்று கேட்டால் அவர் சொல்லும் விடை கேட்டவரை அனுப்பி வைப்பதற்கான விடையாகவே இருக்கும். கைலியோ கொடியில் காய்கிறது, பார்த்து எண்ணிவிடலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வறியவர் தம் வறுமையை மறைப்பர். சிறுபாணாற்றுப்படையில் பாணனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். பசியினும் அந்தக் கதவடைப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றும். புள்ளிவிவரம் எடுக்கச் செல்வோன் நிற்பது அடைத்த அந்தக் கதவுக்கு வெளியே. பொருளியலின் தந்தை எனப்படும் ஆதம் சுமித்தும் 1776-இல் வெளியிட்ட தம் நூலில், சணல் நூற்சட்டை இன்றி வெளியில் வரக் கூலியாளும் கூசுவான் என்று எழுதினார். உயிர் வாழச் சட்டை வேண்டுவதில்லை. மானத்தோடு நால்வர் முன் நிற்க வேண்டும். உங்கு அசீஸின் கைலி அந்தச் சட்டையின் உடன்பிறப்பு. ஆயின் ஆதம் சுமித்து சுட்டிக்காட்டியதோடு நின்றார்; நம்மவர் எண்ணினார்.

இனி, எண்ணியபின் அவர் என்ன சொன்னார் என்பதைப் பார்ப்போம். 1964-இல் மலேசியாவின் வறுமையையும் ஊரக வளர்ச்சியையும் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வறுமைக்கு மூன்று காரணங்களை வகுத்தார்: குறைந்த உற்பத்தித்திறன், சுரண்டல், புறக்கணிப்பு. முதற்காரணத்தை எல்லாப் பொருளியலாளரும் கூறுவர். பின்னிரண்டையும் அதற்கு நிகராக வைத்ததே அவருடைய துணிவு. குறைந்த உற்பத்தி என்றால் குற்றம் வயலில் இருக்கிறது. நல்ல விதையும் உரமும் கொடுத்தால் தீரும். சுரண்டல் என்றால் குற்றம் வயலுக்கும் சந்தைக்கும் நடுவே யாரோ ஒருவரிடம் இருக்கிறது: ஒரே ஊரில் தாமே வாங்குவோராகவும் தாமே விற்போராகவும் தாமே கடன் கொடுப்போராகவும் இருக்கும் இடைத்தரகரிடம். புறக்கணிப்பு என்றால் குற்றம் தலைநகரில் இருக்கிறது.

அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. 1967-இலும் பிரையன் பார்க்கின்சன் என்பார், மலாய்க் குடியானவர்களின் பின்னடைவுக்கு அவர்களுடைய பழக்கவழக்கங்களும் மனப்பாங்குமே பெருங்காரணம் என எழுத, அதனை மறுத்து மறு ஆண்டே வில்லியம் வைல்டர் எழுதினார். சோம்பல் என்னும் பழி எங்கிருந்து பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் ஒரு நூலாகவே எழுதிக் காட்டினார். தமிழராகிய நாம் இவ்வழக்கை ‘அவர்கள் கதை’ என்று ஒதுக்கிவிட இயலாது. தோட்டப் பாட்டாளி ஏன் ஏழையாக இருக்கிறான் என்ற கேள்விக்குக் ‘குடித்தே அழிக்கிறான்’ என்று விடை சொன்னவர்கள் நம்மிடையேயும் இருந்தனர். கள்ளுக்கடையைத் தோட்டத்திற்குள்ளேயே நடத்தவிட்டு, சம்பள நாளன்று அதைத் திறந்தும் வைத்தவர்கள் யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

1965-இல் உங்கு அசீஸ் எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பில் ஒரு சொற்றொடர் வருகிறது. அதனைத் தமிழில் ‘மாறுவேடப் பட்டினி’ எனலாம். பொருளியலில் ‘மறைந்த வேலையின்மை’ என்றொரு கருத்து உண்டு. ஜோன் இராபின்சன் 1936-இல் வழங்கியது. வேலை செய்வதுபோல் தோன்றுவோர் பலர் உண்மையில் வேலையற்றோரே என்பது அதன் பொருள். அதனையொட்டி, உண்பதுபோல் தோன்றுவோர் உண்மையில் பட்டினி கிடப்போரே என்றார் நம் பேராசிரியர். சோறும் மரவள்ளியும் வயிற்றை நிறைத்துவிடும். புரதம் இல்லை. வயிறு நிறைந்தமையால் பசி தெரிவதில்லை. பசி தெரியாமையால் யாரும் அதைப் பட்டினி என்று கூறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான நெஞ்சுறுத்தலை ஆசிரிய நண்பர்கள் உணர்வார்கள். தோட்டத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் காலை பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நால்வராவது இருப்பர். விடியுமுன்னே பெற்றோர் பெரட்டுக்குப் போய்விடுவர். பிள்ளைகள் வரக்காப்பியில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டு வந்திருப்பர். வயிறு நிறைந்திருக்கும். தேர்ச்சி அறிக்கையில் அப்பிள்ளைகளுக்கு நான் எழுதிய குறிப்பு ‘பாடத்தில் கவனம் போதாது’ என்பது. உங்கு அசீஸ் என் மேசையில் இருந்திருந்தால் வேறு சொல் எழுதியிருப்பார்.

இந்தப் பொருளியலாளரின் பார்வை கணக்கோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். கம்பத்து முதியவர்கள் மெக்கா செல்வதற்காக ஆண்டுக்கணக்காகத் தலையணைக்கடியிலும் தகர டப்பாவிலும் காசு சேர்த்தனர். வட்டி கலந்த பணத்தால் கடமையை நிறைவேற்றக் கூடாதென்று வங்கியில் போட மறுத்தனர். குறைந்ததை ஈடுகட்ட மாட்டையும் நிலத்தையும் விற்றனர். திரும்பி வந்தபோது புண்ணியம் இருந்தது; பிழைக்க வழியில்லை. ‘மூடப் பழக்கம்’ என்று இதனை ஒரு படித்தவர் தள்ளிவிடுவது எளிது. உங்கு அசீஸ் அவர்களுடைய நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டு, வட்டியில்லாச் சேமிப்பு ஒன்றை அமைக்கும்படி 1959-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதிலிருந்து பிறந்த கழகம் 1963-இல் இயங்கத் தொடங்கிப் பின்னர் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. வறியவனுக்கு அறிவுரை கூறுவதற்கு முன் அவன் செய்வதற்குரிய காரணத்தைத் தேடிய பொருளியல் இது. கைலியை எண்ணியவரும் தலையணைக்கடியில் பார்த்தவரும் ஒருவரே.

இவ்வளவு பாராட்டியபின் என் மறுப்பையும் கூற வேண்டும்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது எனக்கு எட்டு வயது. அந்த ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தத்தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. தரகர் கூட்டங்கள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றன. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கிய புதிய உடைமையாளனுக்குக் கிராணியும் வேண்டா, ஆயா கொட்டகையும் வேண்டா, நிரந்தரத் தொழிலாளியும் வேண்டா. பால் வெட்டக் குத்தகைக்கு இரண்டு பேர் போதும். ‘தோட்டத் துண்டாடல்’ என்று நம் மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பெயரைச் சொன்னாலே அக்காலத்தவர் முகம் மாறும்.

அன்றைக்கு எங்கள் லயத்து வீட்டில் ஐவர் இருந்தோம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்குமாக ஒன்பது கைலிகள் இருந்தன. அம்மாவின் சேலைகள் இக்கணக்கில் சேரா. ஈவு 1.8. பேராசிரியரின் அளவுகோலின்படி நாங்கள் வறியோர் அல்லோம். அரிசி இருந்தது, பின்கட்டில் முருங்கையும் இரண்டு கோழிகளும் இருந்தன. மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். தட்டுமுட்டுகளை மூட்டை கட்டுவதற்கு அந்தக் கைலிகளே பயன்பட்டன. அடுத்த தோட்டத்தில் தாய்மாமன் வீட்டுச் சமையற்கட்டுத் திண்ணையில் மூன்று மாதம் இருந்தோம். மாமாவின் மண்டோர் பார்க்கும்போதெல்லாம், ‘இன்னும் போகவில்லையா?’ என்று கேட்பார். அம்மா அந்த நாளில் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

கைலிக் கணக்கு எங்கே வழுக்குகிறது என்பது இப்போது விளங்கும். அது வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை எண்ணுகிறது. வீடு யாருடையது என்று கேட்பதில்லை. கம்பத்தில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு தேவை இருந்திருக்காது. நிலம் சிறிதாயினும், வாரத்துக்கு உழுதாலும், அத்தாப்புக் கூரையாயினும், அந்த வீடு பெரும்பாலும் அங்கிருப்போர் கட்டியது. அவ்வறுமை வீட்டுக்குள் இருந்தது. ஆகவே வீட்டுக்குள் எண்ணியது சரி. தோட்டப் பாட்டாளியின் வறுமை வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்கும் அவனுக்கும் இடையே இருந்தது. வீடு வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் இருக்கும் வரை கூரை உண்டு. பெயர் அடிபட்ட அன்று கூரையும் போய்விடும். பள்ளி, குடிநீர், கோவில், சுடுகாடு அனைத்தும் அதே வேலியின் உள்ளே இருந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தில் ஒரு முருங்கை மரமும் அவனுடையதாக இல்லை. கொடியில் எத்தனைக் கைலி காய்ந்தாலும் அவன் வறியவனே.

எனக்கு உரிமை இருக்குமானால் தோட்டத்துக்கென்று வேறொரு கணக்கு அமைத்திருப்பேன். வேலை நின்ற நாளிலிருந்து எத்தனை இரவுகள் ஒரு குடும்பம் தனக்கே உரிய கூரையின்கீழ் உறங்க முடியும் என்று கேட்டிருப்பேன். விடை சுழியம் என்றால் அக்குடும்பத்தின் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்குத் தேவையே இல்லை.

இதனை உங்கு அசீஸ் அறியாதவர் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறினால் அது பெரும்பிழை. 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றி 1962-இல் விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டவரே அவர்தாம். துண்டாடலின் தீமைகளை அவ்வாய்வு எடுத்துரைத்தது. பிற்காலத்தில் தேசிய நிலச் சட்டத்தில், தோட்ட நிலத்தைப் பலருக்குக் கைமாற்றுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்னும் 214ஏ பிரிவும் சேர்ந்தது. எனினும் பொதுமக்கள் நினைவில் அவருக்கு நிலைத்த பெயர் கைலியால் வந்தது, துண்டாடல் அறிக்கையால் அன்று. கைலிக் கதை பழமொழிபோல் வாயில் நிற்கிறது. அறிக்கை நூலகத்தில் நிற்கிறது. நம் தமிழாசிரியர்களுள் அந்த அறிக்கையின் பெயரைக் கேள்விப்பட்டோர் எத்தனை பேர்? நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நாமே படிக்காதபோது மற்றவரைக் குறை கூற வாய் வருவதில்லை.

அறிக்கை எழுதப்பட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, விற்பனைக்கு வரும் தோட்டங்களை அவர்களே வாங்குவது திட்டம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. சங்கத்தின் பிற்கால நிர்வாகம் பற்றி நம்மிடையே எத்தனையோ வழக்காடல்கள் உண்டு. அவற்றுள் நான் நுழையவில்லை. வறுமை எங்கே இருக்கிறது என்பதை அத்திட்டம் சரியாகக் கண்டுகொண்டது. கூலியை உயர்த்திக் கேட்பதோடு நில்லாமல் கூரையையே வாங்க முயன்றது. பொருளியலாளர் எவரும் வகுக்காத ஒரு குறியீடு அந்தப் பத்து வெள்ளிக்குள் இருந்தது.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1970-இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்ததாக அரசு கணித்தது. புதிய பொருளாதாரக் கொள்கை அதிலிருந்து புறப்பட்டது. கைலியை எண்ணும் முறை அங்கே இல்லை. வறுமைக்கோட்டு வருமானம் என்னும் முறையே வழக்கில் வந்தது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய உணவின் விலை, உடை, வாடகை, போக்குவரத்து முதலியவற்றின் செலவு ஆகியவற்றைக் கூட்டி ஒரு தொகை காண்பது. அதற்குக் கீழ் வருவோரை வறியோர் என்பது. இதன் மூதாதையைத் தேடினால் இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் இரௌண்ட்ரி நடத்தி 1901-இல் வெளியிட்ட ஆய்வில் போய் நிற்போம்.

இந்தக் கோட்டால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அது வேண்டும். மலேசிய வறுமை மெய்யாகவே பெரிதும் குறைந்தது. என் பிள்ளைகள் வளர்ந்த வீட்டைப் பார்த்தாலே அது தெரியும். ஆயின் கோடு ஒரு கட்டத்தில் மக்களை விட்டுவிட்டுத் தனியே நின்றுவிட்டது. 2016-இல் சராசரிக் குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்பது கோடு. அதன்படி நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு. கோலாலம்பூரில் வாடகை கொடுத்து வாழும் எவரும் அத்தொகையைக் கேட்டுச் சிரிப்பர். 2019 ஆகஸ்டில் நாட்டுக்கு வந்து பார்த்த ஐக்கிய நாட்டு அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. மறு ஆண்டு சூலையில் கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2016-க்கு 0.4 என்றிருந்த விழுக்காடு புதிய முறையில் 7.6 ஆயிற்று, 2019-க்கு 5.6. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் ஏட்டில் வறியவை ஆயின. அதற்கு முந்திய நாளும் அவை அதே சோற்றைத்தான் உண்டன.

தலை எண்ணும் முறையிலேயே ஒரு குறை இருப்பதை அமர்த்தியா சென் 1976-இல் எடுத்துக்காட்டினார். கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால், கோட்டுக்கு ஒரு வெள்ளி கீழே நிற்பவனும் நூறு வெள்ளி கீழே கிடப்பவனும் ஒன்றாகிவிடுவர். அடியில் கிடப்பவனிடமிருந்து ஒரு வெள்ளியைப் பறித்து விளிம்பில் நிற்பவனிடம் கொடுத்தால் அவன் கோட்டைத் தாண்டிவிடுவான். வறுமை குறைந்தது என்று அறிக்கை எழுதலாம்! சென் சிறுவயதில் 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைக் கண்டவர். தானியம் இல்லாமையால் மட்டும் மக்கள் மடிவதில்லை, தானியத்தை வாங்கும் உரிமையும் வழியும் இழந்தமையால் மடிகின்றனர் என்று 1981-இல் நூல் எழுதி நிறுவியவர். உரிமையை நோக்கித் திரும்பிய அந்தப் பார்வையைத் தோட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தால், நான் மேலே குறித்த கூரைக் கணக்குக்கு ஓர் அறிஞரின் துணை கிடைக்கிறது.

கோடு என்பது மாணவர்க்கு எட்டாத பெரிய செய்தியாகத் தோன்றலாம். ஆசிரியர் மேசைமீது அது ஆண்டுதோறும் வந்து அமர்கிறது. பணியின் இறுதி ஆண்டுகளில் உதவித்தொகைப் படிவம் நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு மாணவியின் தந்தை பாரவண்டி உதவியாளர். மிகை நேரக் கூலியும் சேர்ந்து அம்மாதத்துச் சம்பளச் சீட்டு, படிவத்தின் வரம்பைவிட நாற்பது வெள்ளி அதிகம் காட்டியது. வீட்டில் ஏழு பேர்; படுத்த படுக்கையாகப் பாட்டி; இரண்டு மாத வாடகை பாக்கி. ‘மிகை நேரத்தை விட்டுவிட்டு எழுதுங்கள் சார்’ என்றார் தந்தை. சீட்டில் உள்ளபடியே எழுதினேன். உதவி வரவில்லை. மறு ஆண்டு அவள் பள்ளிக்கு வந்தது மாதத்தில் பாதி நாள்தான். சட்டப்படி நான் செய்தது சரி. அந்த முடிவைப் பற்றி இன்றும் என்னிடம் தெளிவான விடை இல்லை. கைலிக் கணக்கு ஏழு பேரையும் எண்ணியிருக்கும் என்பது மட்டும் தெரிகிறது. எண்ணை ஆளால் வகுத்த பின்னரே அது தீர்ப்புச் சொல்லும்.

தோட்டங்கள் மறைந்த கதை துண்டாடலோடு முடியவில்லை. 1980-களிலும் 1990-களிலும் நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் ஆலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் போயின. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலம் பிராங் புசார் முதலிய தோட்டங்களின் நிலம். அங்கிருந்தோர் புறம்போக்குக் குடிசைகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். ஊரகத் திட்டங்கள் கம்பங்களைத் தேடிச் சென்ற காலத்தில் இவர்கள் கம்பெனி நிலத்தில் இருந்தமையால் அவற்றின் கண்ணில் படவில்லை. நகரத்துக்கு வந்தபோது ஊரகத்தார் என்ற பெயரும் போய்விட்டது. 1957-இல் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்த நாட்டில் இன்று 530-ஐ ஒட்டியே இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒரு பெருங்காரணம். நம் சிறுகதையாளர் இம்மறைவைப் பலகாலும் எழுதியுள்ளனர். பெரும்பாலான கதைகளில் தோட்டம் ஓர் ஏக்கமாக, இழந்த தாய்மடியாக வருகிறது. அந்த மடி யாருடைய பட்டாவில் இருந்தது என்று கேட்ட கதைகள் குறைவு. உணர்ச்சி மிகுந்து கணக்குக் குறைந்தது நம் இலக்கியத்தின் பக்கத்துக் குறை; அதையும் சொல்லாவிட்டால் என் மறுப்பு ஒருதலையாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் மாமாவின் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். அது துண்டாடப்படாமல் தப்பியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் ஒரு வரிசை இன்னும் நிற்கிறது. மாமா குடியிருந்த வீட்டின் முன் கொடியில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. வங்காளதேசத்து இளைஞர்கள். எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டேன். ‘இந்த மாதம் பதினொருவர்’ என்றார் ஒருவர். லுங்கிகளை எண்ணினேன், பதினான்கு இருந்தன. நாட்டின் குடும்ப வருமான ஆய்வு குடிமக்களின் வீடுகளையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவர்கள் 0.4-லும் இல்லை, 5.6-லும் இல்லை, பின்னர் 2022-க்கு வந்த 6.2-லும் இல்லை. வேலை நின்றுவிட்டால் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வேலை நின்றால் பெர்மிட்டும் நின்றுவிடும், பாக்சிக், என்றார்.